உங்களுக்கு மாரடைப்பு வருமா? இன்றே கணக்குப் போடுங்கள்

"போன மாசம்தானே ஈ.சி.ஜி. எடுத்தோம், நார்மல்னு சொன்னாங்களே!" மாரடைப்பு வந்த வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. ஈ.சி.ஜி. காட்டுவது, அதை எடுத்த அந்த நேரத்து இதயத்தை. அடுத்த பத்து வருடத்துக்கான ஆபத்தைத் தெரிந்துகொள்ளத் தனிக் கணக்கு இருக்கிறது. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

செய்ய வேண்டியவை

• குடும்பத்தில் விசாரியுங்கள். அப்பா, அண்ணன், தம்பிக்கு 55 வயதுக்குள்ளோ, அம்மா, அக்கா, தங்கைக்கு 65 வயதுக்குள்ளோ மாரடைப்பு வந்திருந்தால் உங்களுக்கும் ஆபத்து அதிகம். "தூக்கத்துலயே போயிட்டார்" என்று சொல்லப்படும் சாவுகளையும் எழுதிக்கொள்ளுங்கள். அவற்றில் சில மாரடைப்பாக இருந்திருக்கலாம்.

• இடுப்பை டேப் வைத்து அளந்து பாருங்கள். இந்தியர்களுக்கு வரம்பு, ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. பேண்ட் சைஸை நம்ப வேண்டாம். பலரும் தொப்பைக்குக் கீழேதான் பேண்ட் போடுகிறார்கள்.

• பி.பி.யை ஒழுங்காகப் பாருங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து இரண்டு முறை எடுங்கள். டீ குடித்த கையோடு எடுத்தால் அளவு ஏறித் தெரியும். 140/90-ஐத் திரும்பத் திரும்பத் தொட்டால் அது உயர் ரத்த அழுத்தம்.

• சர்க்கரைக்கு ஹெச்பிஏ1சி, கொழுப்புக்கு லிப்பிட் புரொஃபைல் எடுங்கள். இரண்டும் ஏறுவது வெளியே தெரியாது.

• கர்ப்பகாலத்தில் பி.பி.யோ சர்க்கரையோ இருந்த பெண்கள், அதை இதய டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பிரசவத்தோடு முடிந்தது என்று நினைத்த விஷயம், பிற்கால மாரடைப்பு ஆபத்தைக் கூட்டுகிறது. டாக்டர்களே கேட்க மறந்துவிடுவதும் உண்டு.

• எல்லா எண்களையும் ஒரே தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் தெற்காசிய அட்டவணையில் வைத்து, பத்து வருட ஆபத்து எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் 'கொஞ்சம்தான் கூட' என்று தோன்றும். சேர்ந்தால்தான் ஆபத்து தெரியும்.

செய்யக்கூடாதவை

• ட்ரெட்மில் டெஸ்ட் பாஸ் என்று நிம்மதியாகிவிடாதீர்கள். ரத்த ஓட்டத்தைத் தடுக்கிற பெரிய அடைப்பைத்தான் அது பிடிக்கும். சின்னக் கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்தாலும் மாரடைப்பு வரும்.

• "எனக்கு வயசு 40கூட ஆகலையே" என்று தள்ளிப்போடாதீர்கள். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்திருந்தது. மற்ற நாட்டவர்களைவிட ஐந்தாறு வருடம் முன்னதாக.

• இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஒரு கால்குலேட்டரை அப்படியே நம்பாதீர்கள். புகழ்பெற்ற ஃப்ரேமிங்ஹாம் கணக்கு, பெரும்பாலும் வெள்ளையர்கள் வாழ்ந்த ஓர் அமெரிக்க ஊரில் 1948-ல் தொடங்கிய ஆய்விலிருந்து வந்தது. நம் ஆட்களின் ஆபத்தை அது குறைத்துக் காட்டக்கூடும்.

• "நாளைக்கு ஒண்ணுதான்" என்று சிகரெட்டைக் கணக்கில் சேர்க்காமல் விடாதீர்கள். தினம் 20 பிடிப்பவருக்குக் கூடுகிற இதய ஆபத்தில் ஏறக்குறைய பாதி வரை, ஒன்றே பிடிப்பவருக்கும் கூடுகிறது. வாயில் அடக்கும் புகையிலையும் கணக்கில் சேரும்.

• மாத்திரையால் இறங்கிய பி.பி.யை 'நார்மல்' என்று எழுதாதீர்கள். மாத்திரை சாப்பிடுவதையும் சேர்த்து எழுதுங்கள், நிறுத்திவிடாதீர்கள்.

• பயந்துபோய் நீங்களாகவே தினமும் ஆஸ்பிரின் போடத் தொடங்காதீர்கள். வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம்.

• நெஞ்சில் இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, திடீர் வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் கணக்குப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். "கேஸ்தான்" என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள், நீங்களே பைக் ஓட்டிக்கொண்டும் போகாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸுக்குக் காசு கிடையாது.