அரைச்சுற்றோடு நிற்கும் விசிறி

அன்புள்ள கயல்,

பொத்தானை அழுத்தினால் பழைய கம்ப்யூட்டரின் விசிறி அரைச்சுற்று சுற்றி நின்றுவிடுகிறது என்று போனில் சொன்னாய். கடைக்காரர் பெட்டியைத் திறக்காமலே “எஸ்.எம்.பி.எஸ். போச்சு” என்றாராம், அதாவது உள்ளே மின்சாரம் கொடுக்கும் பகுதி. போயிருக்கலாம். ஆனால் நானும் ஒருமுறை அப்படித்தான் முடிவுகட்டி, புதுசு வாங்கி மாட்டினேன். புதுசும் அதே அரைச்சுற்றுதான் சுற்றியது! அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

விசிறி அசைகிறது என்றால் சுவரிலிருந்து மின்சாரம் வருகிறது. ஆனாலும் யூ.பி.எஸ்ஸை விட்டுவிட்டு நேரே சுவர் பிளக்கில் செருகிப் பார். பாட்டரி செத்த யூ.பி.எஸ். பல நல்ல கம்ப்யூட்டர்கள் மேல் பழி போட்டிருக்கிறது.

அடுத்து மல்டிமீட்டர். டி.சி. 20-இல் வை. இன்டெல் 1995-இல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். முறையின் புண்ணியத்தில், பழைய பெட்டிகளில் வயர் நிறங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். மதர்போர்டில் செருகியிருக்கும் பெரிய கனெக்டரின் பின்பக்கத் துளை வழியே கறுப்பு முனையை ஒரு கறுப்பு வயரிலும், சிவப்பு முனையை ஊதா வயரிலும் வை. கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும், பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை ஊதாவில் 5 வோல்ட் வர வேண்டும். பொத்தான் அழுத்துவதைக் கவனிக்கும் பகுதிக்கு உயிர் கொடுப்பது அதுதான். பிறகு பச்சை வயரைப் பார். சும்மா இருக்கும்போது அதிலும் ஏறக்குறைய 5 வோல்ட் இருக்கும்; பொத்தானை அழுத்தினால் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். இறங்கவே இல்லையென்றால் குற்றவாளி வெறும் பொத்தானாகக்கூட இருக்கலாம்.

இனி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எல்லா கனெக்டர்களையும் கழற்று. ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்துப் பெரிய கனெக்டரின் பச்சையையும் பக்கத்துக் கறுப்பையும் இணைத்து, பிறகு மின்சாரம் கொடு. எஸ்.எம்.பி.எஸ். விசிறி சுற்றினால் மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.46 வோல்ட் வரை இருக்க வேண்டும். பழைய எஸ்.எம்.பி.எஸ். சில, சுமை இல்லாமல் ஓடாது. உதவாத ஒரு சி.டி. டிரைவை மாட்டிப் பார். அளவு சரியாக இருந்தாலும் முழுச் சான்றிதழ் கொடுத்துவிடாதே. கெப்பாசிட்டர் வற்றிய எஸ்.எம்.பி.எஸ். வெறுங்கையோடு நன்றாக நடக்கும், சுமை ஏறினால்தான் தள்ளாடும். குளிர்ந்த காலையில் நாலைந்து முறை அழுத்தினால்தான் எழும் கம்ப்யூட்டருக்குப் பெரும்பாலும் இந்த நோய்தான்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: எஸ்.எம்.பி.எஸ்ஸின் தகரப் பெட்டியைத் திறக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

இப்போது என் கதை. அரைச்சுற்று என்பது சாவு அல்ல, பெரும்பாலும் காவல். எங்காவது ஷார்ட் ஆனால் எஸ்.எம்.பி.எஸ். தன்னையும் மதர்போர்டையும் காப்பாற்றச் சட்டென்று அணைந்துவிடும். ஹார்டு டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு என ஒவ்வொன்றாகக் கழற்றினேன், மாற்றமில்லை. கடைசியில் முன்பக்க யூ.எஸ்.பி. துளைக்குள் டார்ச் அடித்தேன். யாரோ பென்டிரைவைத் தலைகீழாக அமுக்கியதில் உள்ளே ஒரு தகடு வளைந்து ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. முன்பக்க யூ.எஸ்.பி. வயரை மதர்போர்டிலிருந்து உருவியதும் மெஷின் எழுந்துவிட்டது. அந்த “யாரோ” நான்தான், உன் சித்தியிடம் சொல்லாதே.

ஆகவே முதலில் உன் பெட்டியின் முன்பக்கத் துளைகளைப் பார். அளந்த எண்களை வாட்ஸ்அப்பில் அனுப்பு. அப்போதும் சந்தேகம் தீரவில்லையென்றால், நான் அநியாயமாகக் கழற்றிய அந்தப் பழைய எஸ்.எம்.பி.எஸ். இன்னும் பரணில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருகிறேன், உன்னுடையதில் மாட்டிப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
சித்தப்பா