படச்சுருள்களை மின்னுருவாக்குவதில் பிட் ஆழத் தேர்வு

ஆய்வுச் சுருக்கம்

படவில்லைகளையும் எதிர்படங்களையும் மின்னுருவாக்கும்போது 8 பிட், 16 பிட் ஆகிய இரண்டனுள் எதனைத் தேர்வது என்னும் வினாவுக்குக் கண்ணுக்குப் புலப்படும் வேறுபாடு தக்க அளவுகோல் அன்று. வருடிய பின் படிமம் அடையவிருக்கும் திருத்தங்களின் அளவே அத்தேர்வுக்கு அடிப்படையாதல் வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பிட் ஆழம், ஒளியடர்த்தி, எதிர்படம், படவில்லை, மின்னுருவாக்கம்.

முன்னுரை

கல்வெட்டு, சுவரோவியம், கூத்து முதலியவற்றைக் களப்பணியில் பதிவுசெய்த படச்சுருள்கள் ஆய்வுலகின் முதன்மைச் சான்றுகளுள் அடங்கும். வண்ணப் படச்சுருளின் சாயங்கள் காலப்போக்கில் மங்கும் இயல்பின. எனவே இன்று உருவாகும் மின்கோப்பே பின்னாளில் மூலத்தின் இடத்தைப் பெறக்கூடும். ஸ்கேனர் எனப்படும் ஒளிவருடியில் செய்யும் தேர்வு அக்கோப்பின் பயனை வரையறுத்துவிடுகிறது.

பிட் ஆழம்

ஒவ்வொரு படப்புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் ஒளியளவு எத்தனை படிகளாகப் பகுக்கப்படுகிறது என்பதைக் குறிப்பது பிட் ஆழம். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 16 பிட்டில் 65,536 படிகள். முந்நிறங்களையும் சேர்த்து இவை முறையே 24 பிட், 48 பிட் எனவும் வழங்கப்படும். திருத்தம் செய்யாத நிலையில், திரையில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபோலவே தோன்றும். திருத்தும்போதே வேறுபாடு வெளிப்படும்.

எதிர்படம்

வண்ண எதிர்படம் செம்மஞ்சள் அடிநிறமும் குறுகிய ஒளியடர்த்தி வீச்சும் உடையது. அதனை நேர்படமாக்க அடிநிறத்தை நீக்கி, நிறங்களைத் தலைகீழாக்கி, வீச்சை விரித்தல் வேண்டும். ஒரு நிறத்தின் தகவல் முழு வீச்சின் கால்பங்கில் அடங்குவதாகக் கொள்ளின், 8 பிட்டில் அது 64 படிகளே பெறும். விரித்த பின்னும் அப்படிகள் 64 ஆகவே இருக்கும்; இடைவெளிகள் மட்டுமே பெருகும். இதனால் வானம், சுவர் போன்ற சீரான பரப்புகளில் பட்டைகள் தோன்றும். 16 பிட்டில் அதே கால்பங்கு 16,384 படிகளைக் கொள்ளும்.

படவில்லை

படவில்லையின் சிக்கல் இதற்கு மாறானது; அதன் வீச்சு மிக அகன்றது. ஒளியடர்த்தி 3 என்பது ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஊடுருவும் நிலை. 2.2 காமா குறியீட்டில், ஒளியடர்த்தி 2 முதல் 3 வரையுள்ள நிழற்பகுதிக்கு 8 பிட் ஏறத்தாழ 20 படிகளையும், 16 பிட் 5,000க்கும் மேற்பட்ட படிகளையும் தருகின்றன. கருவறை இருளில் அமைந்த சிற்பத்தைத் தெளிவுபடுத்த முனையும் ஆய்வாளருக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. சாயம் மங்கிய படவில்லைகளில் நிறங்களைத் தனித்தனியே விரித்துச் சமன்செய்ய வேண்டியிருப்பதால், எதிர்படத்துக்குக் கூறியது அவற்றுக்கும் பொருந்தும்.

வரம்புகளும் கோப்பளவும்

பிட் ஆழம் இல்லாத தகவலைப் படைப்பதில்லை. வருடியின் மாற்றி 14 பிட் எனில், 16 பிட் கோப்பிலும் அடங்குவன 16,384 படிகளே. அவற்றுள்ளும் சில மின்னிரைச்சலில் மறையும். 8 பிட்டில் சேமித்ததைப் பின்னர் 16 பிட்டாக மாற்றுவதால் இழந்த படிகள் மீள்வதில்லை. வருடி மென்பொருளிலேயே திருத்தி முடித்து 8 பிட்டில் சேமிப்பின் சேதம் குறைவு. ஆயினும் அத்திருத்தத்தை மறுஆய்வு செய்யும் வாய்ப்பு பெரிதும் குறுகிவிடுகிறது.

24×36 மி.மீ. சட்டத்தை அங்குலத்துக்கு 4,000 புள்ளி வீதம் வருடின் ஏறத்தாழ 2.14 கோடி படப்புள்ளிகள் கிடைக்கும். சுருக்கப்படாத கோப்பு 8 பிட்டில் 64 மெகாபைட், 16 பிட்டில் 129 மெகாபைட் அளவினதாகும். கறுப்பு வெள்ளைப் படத்தை 16 பிட் ஒற்றைத் தடத்தில் சேமிப்பின் 43 மெகாபைட் போதும்.

முடிவுரை

எதிர்படம், மங்கிய படவில்லை, நிழல் மிகுந்த படவில்லை ஆகியவற்றின் மூலக்கோப்பை 16 பிட் டிஃப் வடிவில் பேணுதல் தகும். அட்டவணைக்கும் வாசிப்புக்கும் உரிய படிகளுக்கு 8 பிட் ஜேபெக் போதுமானது. ஆயிரம் சட்டங்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது ஏறத்தாழ 65 கிகாபைட் இடமே. சாயம் மேலும் மங்கிய பின் மூலத்தை மீண்டும் வருடினும் இன்றுள்ள நிறம் கிடைக்காது என்பதை நோக்க, இச்செலவு சிறிதே.