மழையும் இல்லை, ஸ்னோவும் இல்லை: ரொறன்ரோ குளிருக்குக் கைக்குறிப்புகள்

ரொறன்ரோக் குளிர்காலத்தில் சில நாட்கள் இப்படித்தான்: காலையில் மூட்டம், பகலில் தூறல், ராவில் சைபருக்குக் கீழே. மைனஸ் 20ஐக்கூட நம்பலாம், அது காய்ந்த குளிர். இந்தச் சைபர்தான் சப்பாத்தை நனைத்து, வாசலை வழுக்கவைத்து, பில்லையும் ஏற்றிவிடும்.

1. தூறும்போதே உப்பைக் கொட்டினால் தண்ணியோடு போய்விடும். மழை விட்டபின், ராக்குளிர் இறுகுமுன், கோழிக்குத் தீன் போடுவதுபோல் பரவலாகத் தூவுங்கள். ஒரு கோப்பை பல படிகளுக்குக் காணும். மைனஸ் 10க்குக் கீழே போனால் சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது, அன்றைக்கு மணல்தான்.

2. சப்பாத்தில் படியும் வெள்ளைக் கோட்டுக்கு வினாகிரியும் தண்ணியும் சரிபாதி. வந்த கையோடு துடைத்தால் ஒரு துடையிலேயே போய்விடும்.

3. நனைந்த சப்பாத்தை ஹீற்றர் மேல் வைத்தால் பசை விட்டுவிடும். தமிழ்க் கடையில் சும்மா எடுத்துவரும் பத்திரிகையைக் கசக்கி உள்ளே திணித்து, ஒரு மணித்தியாலத்தில் மாற்றுங்கள். பக்கம் பக்கமாக விளம்பரம் போடுகிறார்களே, அதற்கு இப்படியும் ஒரு பயன்.

4. தோசை மா புளிக்க அவணுக்குள் வைத்து லைற்றைப் போடுவது எல்லாருக்கும் தெரியும். கூடவே அவண் பட்டனில் ஒரு துண்டுக் கடதாசியும் ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் பிள்ளை பீட்சாவுக்கு 400க்குத் திருப்பிவிட்டான். பிளாஸ்ரிக் வாளி உருகி, மாவோடு கம்பியில் தொங்கியது. மூன்று நாளாக மணம் போகவில்லை.

5. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே கட்டியாகிவிடும். ஒடுங்கிய போத்தலோடு மல்லுக்கட்டாமல், வாங்கியதும் வாய் அகன்ற ஜாம் போத்தலுக்கு மாற்றுங்கள்.

6. கறிவேப்பிலைச் செடியின் இலை யன்னல் கண்ணாடியில் முட்டக்கூடாது; மேல்மண் காய்ந்த பிறகே தண்ணி. இலை கொட்டிவிட்டதென்று தூக்கி எறியாதீர்கள். தண்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பச்சை தெரிந்தால் சித்திரையில் துளிர்க்கும்.

7. யன்னலில் தண்ணி வழிகிறதா? சோறு வடிக்கும்போதே அடுப்புக்கு மேலுள்ள ஃபேனைப் போட்டு, இறக்கிய பின்னும் 15 நிமிடம் ஓடவிடுங்கள். பேஸ்மென்ற்காரர் கட்டிலையும் அலுமாரியையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், பின்னால் பூஞ்சணம் பிடிக்காது.

8. ஹீற்றிங் வீட்டுக்காரர் கையில் என்றால், குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை சூடு தரவேண்டும் என்பது நகரச் சட்டம். கதைத்தும் கேட்கவில்லையா, 311ஐ அழுத்துங்கள்.

9. நேரத்துக்கு நேரம் விலை மாறும் ஹைட்ரோ கணக்கு என்றால், உடுப்புக் கழுவுவதையும் காயவைப்பதையும் இரவு 7 மணிக்குப் பிறகோ சனி, ஞாயிறிலோ வைத்துக்கொள்ளுங்கள். வேலைநாட்களில் காலை 7 முதல் 11 வரை, மாலை 5 முதல் 7 வரை உச்ச விலை. நாங்கள் சமைக்கிற நேரமெல்லாம் அதுதான் என்பது வேறு கதை.

10. பிரெஸ்ரோ கார்டை ஒருமுறை தட்டினால் ரீரீசீயில் 2 மணித்தியாலம் ஏறி இறங்கலாம். வேலை முடிந்து வரும் வழியில் இறங்கி, மரக்கறி வாங்கி, அதே காசில் அடுத்த பஸ் எடுங்கள். ஈரத்தில் இன்னொரு தரம் வெளிக்கிடத் தேவையில்லை.

11. மூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். முன்னால் பகல் விளக்கு தானாக எரிகிறதென்று இருந்துவிடாதீர்கள். பழைய கார்களில் அப்போது பின்விளக்கு எரியாது. சுவிட்சை நீங்களே திருப்புங்கள்.

12. 2013 நத்தாருக்கு முன் வந்த உறைமழையில் ஏறக்குறைய 3 லட்சம் ஹைட்ரோ வாடிக்கையாளர்களுக்குக் கரண்ட் போனது. உறைமழை என்று கேட்டதுமே போனைச் சார்ஜில் போட்டு, பிளாஸ்கில் சுடுதண்ணி ஊற்றி வையுங்கள். கரி அடுப்பை மட்டும் வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ கொண்டுவர வேண்டாம். காபன் மொனொக்சைட்டுக்கு மணமே கிடையாது.

13. தைப்பொங்கலன்று மூட்டமென்றால் சூரியனைத் தேடாதீர்கள், 8 மணிக்குச் சற்று முன் உதித்திருக்கும் என்று வைத்துக்கொண்டு பொங்கலாம். முற்றத்தில் ஸ்னோ கிடந்தால் அடுப்புக்கு அடியில் ஒரு சீமெந்துக் கல் வையுங்கள். இல்லாவிட்டால் சூட்டில் ஒரு பக்கம் உருகி, பொங்குமுன்னே பானை சரியும்.