சாம்பிராணியில் பிறந்ததும் மலைப்பழத்தில் பிறந்ததும்

கேள்வி: பழரசப் போத்தல்களில் சோடியம் பென்சோயேற்று (211), பொற்றாசியம் சோபேற்று (202) என்று அச்சிட்டிருக்கிறார்களே, இவற்றின் பூர்வீகம் என்ன? வீட்டில் நெல்லி ரசம் காய்ச்சி விற்கும் எம்மைப் போன்றோர் எதனைச் சேர்ப்பது தகும்?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: வெள்ளிக்கிழமைகளில் நம் வீடுகளிலே தணலில் இட்டுப் புகைக்கும் சாம்பிராணியே முதலாவதன் ஜன்மஸ்தலம். சுமத்திராவிலும் சீயத்திலும் வளரும் ஒருவகை மரத்தின் பட்டையைக் கீறி எடுக்கும் அப்பிசினைச் சூடாக்கினால், ஆவியாகி எழுந்து குளிர்ந்த இடத்தில் வெண்ணிற ஊசிகளாகப் படிகின்ற பென்சோயிக் அமிலத்தை ஐரோப்பியர் 16ஆம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தனர். 1832இல் லீபிக், வோலர் என்னும் ஜேர்மானிய விஞ்ஞானிகள் அதன் அமைப்பை நிர்ணயித்தனர். அது பூஞ்சணத்தை அடக்கும் என்பது 1875இல் தெரியவந்தது. மற்றையது, ஐரோப்பாவின் குளிர்மலைகளிற் காய்க்கும் ரோவன் என்னும் செந்நிறச் சிறுபழத்தில் பிறந்தது. 1859இல் ஹோஃப்மன் அப்பழத்தின் எண்ணெயிலிருந்து சோபிக் அமிலத்தைப் பெற்றாராயினும், கிருமிகளைத் தடுக்கும் அதன் சக்தி ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே புலனாயிற்று. இன்று இரண்டுமே ஆலைகளில் உற்பத்தியாகின்றன.

நீரில் எளிதாகக் கரையும் பொருட்டே இவ்வமிலங்களை உப்பாக்கி விற்கிறார்கள். புளித்த சாற்றில் இட்டதும் அவை மீண்டும் அமிலமாகி, மின்னேற்றமற்ற அந்த மூலக்கூறுகளே கிருமியின் மென்சவ்வை ஊடுருவி, உள்ளே அதன் இயக்கத்தை முடக்குகின்றன. ஆதலால் சாற்றின் புளிப்புக் குறையக் குறைய இவற்றின் பலமும் குறையும். பி.எச். பெறுமானம் 3 ஆக உள்ள சாற்றில் பென்சோயிக் அமிலத்தின் நூற்றுக்கு 94 பங்கு இவ்வாறு செயற்படும் நிலையில் இருக்கும். பெறுமானம் 5 ஆனால் 14 பங்கே எஞ்சும். சோபிக் அமிலமோ அங்கும் மூன்றிலொரு பங்குக்கு மேல் நின்று காக்கும். உண்டபின் பென்சோயேற்றை ஈரல் வேறொரு பதார்த்தமாக்கிச் சிறுநீரிற் கழிக்கிறது. சோபேற்றைத் தேகம் கொழுப்பைப் போலவே சீரணித்துவிடுகிறது.

நெல்லி நல்ல புளிப்புடையதாகையால் இரண்டுமே அதில் வேலை செய்யும். ஆயினும் நெல்லியிலுள்ள விற்றமின் சியோடு பென்சோயேற்று சேர்ந்து வெயிலிலும் வெப்பத்திலும் கிடந்தால், புற்றுநோயை விளைவிக்கவல்ல பென்சீன் சிறிதளவேனும் உண்டாக இடமுண்டு. வன்னியின் வெயிலில் கடைவாசலில் அடுக்கப்படும் போத்தலுக்குச் சோபேற்றே உசிதமானது.

ஆனால் அழுகற் பழத்தை எந்த மருந்தும் நற்பழமாக்காது. பூஞ்சணம் மிகுந்துவிட்டால் அதன் சில இனங்கள் சோபேற்றையே சிதைத்து, ரசத்தில் மண்ணெண்ணெய் வாடையை எழுப்பிவிடும். எனவே பழத்தைத் தெரிந்தெடுத்து, போத்தலை அவித்து, அடுப்பிலிருந்து இறக்கிய பின், கொதித்தாறிய சிறிது நீரிற் கரைத்த சோபேற்றைக் கலவுங்கள்; கிலோவுக்கு 1 கிராமைத் தாண்டாமல் தராசில் நிறுத்தே இடுங்கள்; அனுமதிக்கப்பட்ட அளவை உங்கள் பிரிவுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிந்து, சேர்த்ததை லேபலில் ஒளியாமல் எழுதுங்கள். வாங்குபவர் நம்பிக்கையைக் காப்பதும் உணவைக் காப்பதில் அடங்கும்.