மொட்டை மாடியில் குறும்பட மாலை: கைக்காசு கரையாமல் நடத்த 11 குறிப்புகள்

தோழிகளே, எதிர்வீட்டுப் பையனோ நம் வீட்டுப் பெண்ணோ குறும்படம் எடுத்து வைத்திருப்பார்கள்; உட்கார்ந்து பார்க்கத்தான் ஆள் கிடைக்காது. ‘முண்டாசுப்பட்டி’, ‘காதலில் சொதப்புவது எப்படி’ எல்லாம் முதலில் குறும்படமாக வந்தவைதானே! நம் மாடியிலேயே ஒரு மாலை போட்டுக் காட்டிவிடலாம்.

1. திரை வாங்கக் கடைக்குப் போக வேண்டாம். 8 முழ வேட்டியை இரண்டாக மடித்தால் ஆறடி அகலமும் நாலடி உயரமும் கிடைக்கும். இன்றைய 16:9 படம் கரைகளுக்கு நடுவே கச்சிதமாக விழும். நன்றாக இஸ்திரி போட்டு, பின்பக்கம் ஒரு கறுப்புப் போர்வையைத் தொங்கவிடுங்கள், தெருவிளக்கு ஊடுருவாது.

2. வேட்டியின் அடி விளிம்பை மடித்துத் தைத்து, பழைய திரைச்சீலைக் கம்பி ஒன்றை நுழைத்துவிட்டால் ஆடாமல் நிற்கும். ஆடி மாதத்தில் மட்டும் இந்த வேலை வேண்டாம். அந்தக் காற்றுக்கு எந்தக் கம்பி போட்டாலும் வேட்டி பாய்மரம் மாதிரி உப்பிவிடும்.

3. புரொஜெக்டர் வாடகைக்கு எடுக்குமுன் பக்கத்து டியூஷன் சென்டரில் கேட்டுப் பாருங்கள். ஞாயிறு மாலை அது சும்மாதான் இருக்கும். அவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு முன்வரிசையில் இடம் என்று சொல்லிவிட்டால் மறுபேச்சு இருக்காது!

4. சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்கு முன்னால் திரையில் ஒன்றும் தெரியாது. மார்கழியில் ஆறரைக்கே ஆரம்பிக்கலாம், ஆனால் பெரியவர்களைப் பனிக்குக் குல்லாவோடு வரச் சொல்லுங்கள்.

5. எல்லாப் படங்களையும் முந்தைய நாளே ஒரே பென்டிரைவில் வாங்கி, பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டுவிடுங்கள், வரிசை மாறாது. இணையத்திலிருந்து நேராக ஓட்டினால் சோகக் காட்சிக்கு நடுவே சோப்பு விளம்பரம் வந்து நிற்கும். பெரிய ஃபைல் ஏறவில்லை என்றால் பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்தது 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை ஏற்காது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

6. ஒருவர் படத்தில் வசனம் முணுமுணுப்பாகக் கேட்கும், அடுத்தவர் படத்தில் பின்னணி இசை காதைப் பிளக்கும். ஒத்திகையின்போதே எந்தப் படத்துக்கு வால்யூம் எத்தனை என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்து லேப்டாப்பில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கருக்கு வயர் போடுவதே நல்லது. ப்ளூடூத்தில் சில நேரம் உதடு முன்னே போகும், குரல் பின்னே வரும்.

7. லேப்டாப்பில் வாட்ஸ்அப்பை மூடி, ஸ்லீப் மோடையும் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் நாத்தனார் அனுப்பும் செய்தியை ஊரே ஆறடித் திரையில் படிக்கும்.

8. முன்னால் ஜமக்காளம், பின்னால் நாற்காலி. திரையின் அடிப்பக்கம் தரையிலிருந்து நாலடியாவது மேலே இருக்கட்டும், சப்டைட்டிலைத் தலைகள் மறைக்காது. கொசுவத்தியை ஓரங்களில் வையுங்கள். புரொஜெக்டருக்கு முன்னால் வைத்தால் எல்லாப் படமும் பேய்ப்படமாகிவிடும்.

9. இயக்குநர்களிடம் முன்கூட்டியே வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சில திரைப்பட விழாக்கள் வெளியில் எங்கும் காட்டாத படத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். நம் மாடியால் அவர்கள் வாய்ப்பு போய்விடக்கூடாது. குழந்தைகளோடு பார்க்கலாமா என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். படம் முடிந்ததும் அவர்களைப் பேசவிடுங்கள். நம் அசோசியேஷன் செயலாளர் உரையைத் தவிர்க்க முடியாவிட்டால், கூட்டம் முழுதாகச் சேருவதற்கு முன்பே முடித்துவிடுவது புத்திசாலித்தனம்!

10. திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். எனவே படங்கள் மொத்தம் ஒன்றரை மணி நேரம் போதும். சிரிக்க வைப்பது முதலில், கனமானது நடுவில். சத்தத்துக்குச் சண்டைக்கு வரக்கூடியவர் வீட்டுக்குத்தான் முதல் அழைப்பு போக வேண்டும்.

11. முறுக்கு, சிப்ஸ் வேண்டவே வேண்டாம், மௌனக் காட்சியில் நறநறவென்று கேட்கும். கறுப்புக் கொண்டைக்கடலை ஒரு கிலோ ஊறப்போட்டால் 25 பேருக்குச் சுண்டல் தாராளம். வாசலில் ஒரு எவர்சில்வர் தூக்கை உண்டியலாக வைத்து, மேலே ஜிபே அட்டையையும் ஒட்டுங்கள். விழுகிற பணம் அத்தனையும் படம் எடுத்த பிள்ளைகளுக்கு. சுண்டல் செலவை அதில் கழித்துவிடாதீர்கள்.