பருத்தித் துணியில் எண்ணெய்க் கறை: நீக்கும் முறை



வலீமா விருந்தில் வெள்ளை ஜிப்பாவில் நெய் சொட்டிவிடுகிறது. பிள்ளையின் சீருடையில் சைக்கிள் செயினின் கிரீஸ் அப்பிக்கொள்கிறது. இரண்டே சீருடை உள்ள வீட்டில் ஒன்று வீணானாலும் பெரிய இழப்புதான். நம் அறக்கட்டளைக்கு வரும் துணிகளிலும், கிழிசல் ஏதுமின்றி எண்ணெய்க் கறைக்காக மட்டுமே நாம் ஒதுக்கி வைப்பவை உண்டு. நாம் உடுத்தத் தயங்குவதைப் பிறருக்கு எப்படிக் கொடுப்பது? எனவே இம்மாதம் இந்தப் பாடம்.

கறை ஏன் போவதில்லை?

எண்ணெய் தண்ணீரோடு சேராது. பருத்தி நூலுக்குள் ஊறிவிடும். சோப்பின் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை தண்ணீரையும் பிடித்துக்கொள்வதால், எண்ணெய் நூலை விட்டுக் கழன்று நீரோடு போகிறது. ஆகவே துணியை நனைப்பதற்கு முன்பே கறையின் மேல் சோப்பு பட வேண்டும்.

செய்முறை

1. கறை பட்டவுடன் தேய்க்காதீர்கள், தேய்த்தால் பரவும். காகிதத்தாலோ பழைய துணியாலோ ஒற்றி எடுங்கள்.

2. முகப் பவுடர் அல்லது சோளமாவைத் தூவி அரைமணி நேரம் விடுங்கள். அது எண்ணெயை உறிஞ்சியதும் உதறிவிடுங்கள்.

3. பாத்திரம் கழுவும் திரவத்தில் சில சொட்டுகள் விட்டு, விரலால் இருபுறமும் மெல்லத் தடவி 15 நிமிடம் ஊறவிடுங்கள். சாயத் துணியானால் முதலில் உள்மடிப்பில் சோதித்துப் பாருங்கள்.

4. துணி தாங்கும் அளவு சூடான நீரில் அலசி, வழக்கம்போல் துவையுங்கள்.

5. நிழலில் உலர்த்திப் பாருங்கள். ஈரத்தில் கறை தெரியாது. மிச்சமிருந்தால் மூன்றாம் படியிலிருந்து மீண்டும் செய்யுங்கள். கறை முழுதும் போகும்வரை இஸ்திரி போடக் கூடாது. சூடு கறையை நிலைக்கச் செய்துவிடும்.

கிரீஸ் கறை: மழுங்கிய கரண்டியால் வழித்தெடுத்து, சிறிது தேங்காய் எண்ணெய் தடவி இளக்குங்கள். ஒற்றி எடுத்தபின், இரண்டாம் படியிலிருந்து தொடருங்கள்.

தால்ச்சா, சால்னா கறை: சோப்பு பட்டதும் மஞ்சள் கறை சிவப்பாக மாறும், பயப்பட வேண்டாம், அது மஞ்சளின் இயல்பு. எண்ணெய் போனபின் வெயிலில் காயப்போட்டால் மங்கிவிடும்.

எச்சரிக்கை

பெட்ரோல், மண்ணெண்ணெய் கொண்டு கறை எடுக்காதீர்கள். அவற்றின் ஆவி அடுப்பு நெருப்பிலோ வாஷிங் மெஷினின் மின்பொறியிலோ பற்றிக்கொள்ளும். பிளீச்சிங் பவுடர் எண்ணெயை நீக்காது. அதை ஆசிட்டோடு கலந்தால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு கிளம்பும்.

பெருநாளுக்கு முன் துணி கொடுக்க எண்ணுவோர், ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். அரைமணி நேர உழைப்பில், ஒதுக்கப்பட இருந்த சட்டை ஒரு பிள்ளையின் பெருநாள் சட்டையாகும்.