சிலாபம் கிளினிக்கில் சிங்களம்

கேள்வி: அம்மாவைச் சிலாபம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். டொக்டரிடம் பேச எவ்வளவு சிங்களம் வேண்டும்?
– வாசகி, உடப்பு

பதில்: இலக்கணத்தை விடுங்கள், தங்கச்சி, உடம்பிலிருந்து தொடங்குங்கள். ஒளுவ தலை, பப்புவ நெஞ்சு, பட வயிறு. பின்னால் 'ரிதெனவா' சேர்த்தால் வலி. உண காய்ச்சல், ஹுஸ்ம மூச்சு. எப்போதிருந்து என்று கட்டாயம் கேட்பார்கள்: 'ஈயே இந்தலா', நேற்றிலிருந்து. எல்லாவற்றிலும் முக்கியம் 'தேருணே நே', விளங்கவில்லை. மருந்து குடிக்கும் நேரம் விளங்காமல் தலையாட்டிவிட்டு வருவதுதான் ஆபத்து. ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிக் கிளினிக் கொப்பியிலேயே வையுங்கள். தமிழ் தெரிந்த தாதியைக் கேட்கவும் கூச்சம் வேண்டாம். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் இலங்கையின் அரசகரும மொழி. கேட்பது அம்மாவின் உரிமை. அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்தால் தமிழிலேயே பேசலாம்.